மூன்றாவது கரடியின் சாயம்

அத்தியாயம் 6

கரடியைக் குளிப்பாட்டியது நான்தான். துப்பறியும் கதையில் குற்றவாளியைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைக்க வேண்டும் என்பார்கள். என்னால் முதல் வரியைத் தாண்டித் தாக்குப் பிடிக்க முடியவில்லை.

காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், 'கமலவேணி துப்பறியும் நிலையம்' என்ற பெயரில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் இயங்கி வருகின்றன. ஒரு நாற்காலி கமலவேணி அக்காவுக்கு. இன்னொன்று வருகிறவர்களுக்கு. உதவியாளன் உமாபதி, அதாவது நான், ஜன்னல் கட்டையில் உட்காருவேன். அன்று காலை பத்து மணிக்கு மேஜை மேல் மூன்று பஞ்சுக் கரடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று கிளிப்பச்சை, மூன்றாவது அரக்கு.

வெயிலில் வந்த தாகத்தில் பன்னீர் சோடா பாட்டிலின் கோலியைக் கட்டை விரலால் அமுக்கினேன். அது சோடா அல்ல, தீயணைப்பு வண்டி. என் வாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. மொத்தமும் அரக்குக் கரடியின் தலையில் இறங்கியது.

"ஐயையோ!" என்று வாரி எடுத்து மார்போடு சேர்த்துத் துடைத்தேன். அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை. நிமிர்ந்து பார்த்தபோது என் நெஞ்சில் அரக்குக் கலரில் இன்னொரு கரடி இருந்தது. அசல் கரடியோ மூக்கிலிருந்து தொப்பை வரை வெளுத்து, அம்மை போட்டு எழுந்தது போல் என்னைப் பார்த்தது.

வழக்கின் முக்கியமான தடயம் அது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதன் சொந்தக்காரரான டீச்சர் வருவார்.

அக்கா திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். மிச்ச சோடாவை மஞ்சள் கரடி மேல் பாதி, பச்சைக் கரடி மேல் பாதி ஊற்றினாள்.

"அக்கா! நான் கெடுத்தது ஒண்ணு. நீங்க கெடுத்தது ரெண்டு. டீச்சர் வந்தா பெரிய பங்கு உங்களுக்குத்தான்."

"வாயை மூடிக்கினு உன் கைக்குட்டையைக் குடுப்பா."

மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். பச்சையை முறுக்கிப் பிழிந்தாள். கைக்குட்டையில் என் பழைய மூக்குச் சளியின் சுவடு தெரிந்ததே தவிர, சாயம் ஒரு பொட்டுகூட ஏறவில்லை.

"ரெண்டு நிக்குது. ஒண்ணு ஓடுது" என்றாள் அக்கா. அவள் குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கிறவனாக இருந்தால் எனக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கும்.

முந்தின நாள் மாலை வந்தவர் ஹேமாம்புஜம் டீச்சர். பெண்கள் பள்ளியில் கணக்கு. கமலவேணி அக்காவுக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவர் படியேறி வந்ததும் அக்கா எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"உக்காரு கமலா" என்றார் டீச்சர், அது அவருடைய ஆபீஸ் போல. பிறகு கைப்பையைத் திறந்து கரடிகளை ஒவ்வொன்றாக வைத்தார்.

டீச்சரின் தம்பி அமெரிக்காவில் இருக்கிறார். அவர் தன் அக்கா மகள் ஸிந்துஜாவுக்கு அனுப்பியவை இந்தக் கரடிகள். மொத்தம் பத்து. எல்லாமே வெள்ளை. காதில் தைத்த துணிச் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த ஊரில் இவற்றைச் சேர்ப்பதற்குப் பெரிய மனிதர்களே விடியற்காலையில் கடை வாசலில் நிற்கிறார்களாம், சீட்டில் மடிப்பு விழுந்தால் குடும்பத்தில் சண்டையாம். "எண்ணை எல்லாம் எழுதி வெச்சுக்கோன்னு தம்பி சொன்னான், எழுதி வெச்சேன்" என்றார் டீச்சர்.

தொண்ணூற்றெட்டில் ஸிந்துஜா வீட்டை விட்டுப் போனாள், டேனியல் என்கிற பையனோடு. அவன் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தவன். அவன் அப்பா பக்கத்து ஊரில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். டீச்சரின் கணவர் முரளீதரன், ரிட்டயர்டு சமஸ்கிருத பண்டிட், "இந்த ஆத்துல அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது" என்றார். யாரும் சொல்லவில்லை. ஸிந்துஜா போகும்போது எடுத்துப் போனது பத்துக் கரடிகளை மட்டும்.

அடுத்த தை மாதம், அவள் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், பெங்களூர் முத்திரையோடு ஒரு பார்சல் வந்தது. கடிதம் கிடையாது. உள்ளே மாம்பழக் கலர் தோய்த்த கரடி. அதற்கடுத்த தையில் கிளிப்பச்சை. இந்தத் தையில் அரக்கு. விலாசம் எப்போதும் இங்கிலீஷ் பெரிய எழுத்தில். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

"ஆனா இது அவதான். நிச்சயமாத் தெரியும்" என்றார் டீச்சர். "அவளுக்குப் பட்டுப் பாவாடை தைச்ச வரிசை இது. அஞ்சு வயசுல மாம்பழம். ஏழு வயசுல கிளிப்பச்சை. ஒம்பதுல அரக்கு. எங்காத்துக்கு வெளியில இந்த வரிசை யாருக்கும் தெரியாது. அந்தப் பாவாடை மூணும் இன்னும் என் அலமாரியிலதான் இருக்கு."

"அவங்களைக் கண்டுபிடிச்சுக் கூட்டியாரணுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். விலாசமும் வேண்டாம். உயிரோட இருக்காளா, இல்லையா. அது ஒண்ணுதான்."

"அதான் வருஷா வருஷம் கரடி வருதே டீச்சர்!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கரும்பலகையில் தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற பார்வை. "நாளைக்கு அஞ்சு மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"கை மாறியிருக்குது" என்றாள் அக்கா, ஈரக் கரடிகளைப் பார்த்துக்கொண்டே. "மொத ரெண்டு ஒரு கை. மூணாவது வேற கை. ஆனா காது சீட்டு நம்பரு டீச்சர் எழுதின லிஸ்ட்ல இருக்குது. அப்போ கரடி அசலு."

"அப்படின்னா?"

"ஸிந்துஜாவோட கரடி ஸிந்துஜா கையில இல்ல."

"அவங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்க்கா. வூட்டுக்காரரைச் சாயம் போடச் சொல்லியிருப்பாங்க. ஆம்பிளைங்க சமையலே எப்படி இருக்கும்னு தெரியாதா?"

அக்கா எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. ஆறு வருஷமாக என் சம்பள உயர்வு நிலுவையில் இருப்பதும் அதனால்தான். அவள் அரக்குக் கரடியின் காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்காலில் ஒரு வெள்ளை நூல் கயிறு. இரண்டு முடிச்சு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு முடிச்சு.

"திருஷ்டிக்குக் கட்டியிருக்கான்னாங்களே டீச்சர்" என்றேன்.

"திருஷ்டிக்குக் கட்டறது கறுப்புக் கயிறு. இதைத் தொட்டுப் பாரு. கரடி பூரா அரக்கு, கயிறு மட்டும் வெள்ளை. ஏன்?"

"அப்புறமாக் கட்டியிருப்பாங்க."

"அப்புறமாக் கட்டியிருந்தா முடிச்சுக்கு அடியில முடி அரக்கா இருக்கணும். வெள்ளையா இருக்குது. கயித்தோட முக்கியிருக்காங்க. கயிறு சாயம் வாங்கல. பட்டுக்குப் போடற சாயம் பருத்தி நூல்ல சரியா ஏறாது." அவள் செருப்பை மாட்டினாள். "ஏன்பா, நீ பிள்ளையார்பாளையத்துல பொறந்தவன்தானே? சாயப் பட்டறையில யாரோட நூலுன்னு எப்படி அடையாளம் வைப்பாங்க?"

தலையில் அடித்துக்கொண்டேன். காகிதச் சீட்டு கட்டினால் கொதிக்கிற தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முடிச்சுக் கணக்கு. சின்ன வயதில் அந்த முடிச்சுகளை அவிழ்த்து விட்டு உதை வாங்கியவன் நான். முந்தின நாள் மாலையிலிருந்து என் கண் முன்னால் அது கரடி காலில் தொங்கியிருக்கிறது.

"பெங்களூர்லேர்ந்து வந்த கரடிக்கு நம்மூரு முடிச்சா?" என்றேன்.

"மஞ்சப் பையை எடு" என்றாள் அக்கா. வழக்கம் போல் அது பதில் இல்லை.

அக்கா மொபெட் ஓட்டினாள். நான் பின்னால், மூன்று ஈரக் கரடிகளை மடியில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் நான்காவதோடு. எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளையார்பாளையத்தில் அன்றைக்கு எந்தக் கலருக்கு ஆர்டர் என்று தெரிய வாய்க்காலைப் பார்த்தால் போதும். அன்று ராணிக் கலர் ஓடியது. முதல் பட்டறையில் கயிற்றைக் காட்டினோம். "எங்களுது ஒத்த முடிச்சு" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டாவது பட்டறையில், "ரெண்டு வுட்டு ரெண்டா? எதுக்கு? இன்னா விஷயம்? யாரு நீங்க?" என்று எங்களையே விசாரித்து முடித்து, கடைசியில் தெருக்கோடியைக் கை காட்டினார்கள்.

தெருக்கோடி வீட்டுக்காரர் மாணிக்கவாசகம். ஐம்பது வயது. முழங்கை வரைக்கும் ஊதாக் கை, அதற்கு மேலே மனிதக் கை. வீட்டுப் பின்கட்டில் தாமிர அண்டாவில் நூல் கொதித்துக்கொண்டிருந்தது. கழியில் தொங்கிய ஒவ்வொரு நூல் கட்டிலும் வெள்ளைக் கயிறு. இரண்டு முடிச்சு, இடைவெளி, இரண்டு முடிச்சு.

"இந்தக் கயிறு உங்க வூட்டுதுங்களாண்ணே?" என்றாள் அக்கா.

"எங்க வூட்டுக் கயிறு கரடி கால்ல எதுக்குமா வருது?"

"அதைத்தான் கேக்கறோம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"இதுக்குச் சாயம் போட்டது நீங்கதானே?"

"பட்டறைன்னா சாயம் போடாம இட்லியா சுடுவாங்க?"

"யாரு கொண்டாந்தாங்க?"

"ஒரு மனுஷன்."

"உள்ளூரா?" என்றேன் நான்.

"எல்லாரும் ஏதோ ஒரு ஊருக்கு உள்ளூருதானேபா." என் சட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. "ஓடிச்சா? சொன்னனே! நிக்காதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னனே!"

தொழில் மானத்தைத் தொட்டால் ஊமைகூடப் பேசுவான் போலிருக்கிறது. அக்கா அண்டாவின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, ஓடினால் ஓடட்டும் என்பது போல் கரடியைத் தட்டிக் கொடுத்தாள். மாணிக்கவாசகத்தால் தாங்க முடியவில்லை.

"இது பட்டு இல்லமா. பாலியஸ்டரு. நம்ம சாயம் இதுல உள்ள பூராது. மேலயே நிக்கும். மூணு வாட்டி முக்கி, கஞ்சி போட்டு, மேலாப்புல ஒட்ட வெச்சேன். தொட்டுப் பாரு, விறைப்பா இருக்கும். அந்த ஆளாண்ட சொன்னேன், தண்ணி பட்டா பூடும், என் பேரும் பூடும், வேணாம்னு. அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? 'தபால்ல போய்ச் சேர்ற வரைக்கும் இருந்தாப் போதும்'னாரு."

"யாருண்ணே அது?"

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்மா. விடு."

அக்கா மற்ற இரண்டு கரடிகளை நீட்டினாள். அவர் ஊதாக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முடியைப் பிரித்து அடிவேர் வரைக்கும் பார்த்தார். பச்சைக் கரடியின் வலது பாதத்தில் கட்டை விரலை வைத்தார்.

"இது வேற கை. விஷயம் தெரிஞ்ச கை. இதுக்குன்னு உள்ள சாயத்தை வாங்கி, கொதிக்கக் கொதிக்க விட்டு, வுடாம கிளறியிருக்குது. பட்டறை இல்ல, வூட்டு அடுப்பு. ஏனம் சின்னது. இங்க பாரு, பாதம் ஏனத்துல பட்டுத் தீஞ்சிருக்குது. மஞ்சள்ல தீயல் ரெண்டு எடம். பச்சையில ஒண்ணுதான். கத்துக்கினு வந்திருக்குது." கரடியை என்னிடம் கொடுத்தார். "அடுப்பாண்டயே நின்னு போட்ட சாயம்பா. பொம்பளைப் புள்ளையா?"

"ஆமாங்க."

"அரக்கும் அதுவே போட்டிருக்கலாமே?"

அவர் கேட்ட கேள்விகளிலேயே அது ஒன்றுதான் எங்களுக்கும் தேவையான கேள்வி.

"அரக்குல எத்தினியோ அரக்கு இருக்குதே" என்றாள் அக்கா மெதுவாக. "எந்த அரக்குன்னு எப்படித் தெரிஞ்சுது? சாம்பிள் குடுத்தாரா?"

"சாம்பிள் இல்லாம நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்" என்றார், பெருமையாக. பெருமையிலேயே கை நீண்டு, பரண் மேலிருந்து ஒரு நோட்டு இறங்கியது. பக்கத்துக்குப் பக்கம் நூல் துணுக்கும் துணித் துண்டும் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர். மார்கழிப் பக்கத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் பெயர் இல்லை. விரல் அகலம். பழம்பட்டு. ஒரு பக்கம் நேராக வெட்டு, இன்னொரு பக்கம் பழைய தையல் ஓட்டைகள், அதற்கு நடுவில் அழுத்தமான மடிப்புக் கோடு.

"பாவாடை உள்மடிப்பு" என்றாள் அக்கா. "வளரும்போது பிரிச்சு விடறதுக்காக மடிச்சுத் தைக்கறது."

மாணிக்கவாசகம் நோட்டைப் பட்டென்று மூடினார். மூடி என்ன பிரயோஜனம்?

வெளியே வந்து அக்கா மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தாள். நான் வாய் ஓயாமல் பேசினேன். வேறு யாரிடமாவது அதே மாதிரிப் பாவாடை இருக்கலாம், டேனியல் ரகசியமாக வந்து வெட்டிப் போயிருக்கலாம், எலி கடித்திருக்கலாம் என்றேன். எலி கத்தரிக்கோல் பிடிப்பதில்லை என்பது எனக்கே தெரியும்.

"அந்த மூணு பாவாடையும் எங்க இருக்குதுன்னாங்க டீச்சர்?"

"அலமாரியில."

"பாவாடை வரிசை தெரிஞ்சவங்க எத்தினி பேரு?"

"மூணு. டீச்சர், ஸிந்துஜா, அப்புறம்..." எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை.

"ஸிந்துஜா கை இது இல்ல. டீச்சரே போட்டிருந்தா நம்மகிட்ட வர வேண்டியதில்ல. மீதி?"

"பண்டிட் சார்."

"நீ போய்ப் பேசு. நான் வரலை."

"நானா? ஏன்க்கா?"

"நான் போனா விசாரணைன்னு நெனைப்பாங்க. உன்னைப் பார்த்து யாரும் பயந்ததில்ல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மணி மூணு. அஞ்சுக்கு டீச்சர் வந்துடுவாங்க."

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, வெற்று மார்பில் துண்டு போட்டு, நெற்றியில் திருமண் இட்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சாப் போகும்னு சொல்லுவா" என்றார். "போகாது. நான் தேய்ச்சுப் பார்த்துட்டேன்."

அவர் துண்டின் முனையில், பலமுறை துவைத்து மங்கிய அரக்குக் கறை இருந்தது.

உள்ளே கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டார். அந்த வழக்கில் எனக்கு முதல் முறையாக நாற்காலி கிடைத்தது. அதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்றெல்லாம் சொன்னேன். 'டீச்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவ உங்களண்டை வந்தாளா?"

"வந்தாங்க சார். அவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். ஸிந்துஜா..."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. இன்னொரு முறை சொல் என்பது போல என் வாயைப் பார்த்தார்.

"அவங்க நல்லா இருக்காங்களா சார்?"

"நவராத்திரிக்குப் பத்து நாள் முந்தி, கோயில் வாசல்ல ஒரு பையன் நின்னான். செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுண்டு நின்னான். ஏன்டாப்பா கையில வெச்சுண்டிருக்கேன்னேன். மாமா, நான்தான் டேனியல்னான்." அவர் குரல் வகுப்பெடுப்பது போல் நிதானமாக இருந்தது. "எனக்கு முதல்ல கோபம் வந்தது. அப்புறம் பார்த்தேன். தனியா வந்திருந்தான்."

ஜன்னலுக்கு வெளியே எவனோ பழைய பேப்பர் வாங்குகிறேன் என்று கத்திக்கொண்டு போனான்.

"பதினோரு நாள் ஜுரமாம். பெரிய ஆஸ்பத்திரியாத்தான் சேர்த்திருக்கான். நன்னாத்தான் பார்த்துண்டிருக்கான். பன்னெண்டாம் நாள் இவன் மட்டும் ஆத்துக்குத் திரும்பினானாம். என்னண்டை ஒரு பையைக் குடுத்தான். எங்க ரெண்டு பேர் கிட்டயும் சொல்லத்தான் வந்தேன், மாமிகிட்ட சொல்ல தைரியம் வரலைன்னான். எனக்கு மட்டும் வந்துடுமா?"

எழுந்து போய்ப் புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். என் மடியில் கவிழ்த்தார். வெள்ளைக் கரடிகள். எண்ணாமலே தெரிந்தது. ஏழு.

"மார்கழி பொறந்ததும் அவ வாசல்ல போய் நிக்க ஆரம்பிச்சுட்டா. தபால்காரன் வர நேரத்துக்கு ஸ்கூல்லேர்ந்து பெர்மிஷன் போட்டுண்டு வந்து நின்னா. என்னால பார்க்க முடியலை. பெங்களூர்ல சமஸ்கிருத மாநாடுன்னு சொல்லிட்டுப் போய், அங்கேயே தபால்ல போட்டுட்டு, அன்னிக்கு ராத்திரி பஸ்லயே திரும்பிட்டேன்." கரடிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். "இன்னும் ஏழு இருக்கு. ஏழு வருஷம் ஓடும். அடுத்தது மயில் கழுத்துக் கலர். பதினோரு வயசுல தைச்சது. அதையும் எடுத்து வெச்சிருக்கேன்."

"சார், டீச்சர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"மயில் கழுத்துல நீலமும் இருக்கும், பச்சையும் இருக்கும். ரெண்டையும் எப்படிக் கொண்டு வரதுன்னு அந்தப் பட்டறைக்காரனைக் கேக்கணும்."

"சார்..."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஜோக்கடிக்கிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார். நான் குடித்தேன்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஹேமாம்புஜம் டீச்சர் படியேறினார். கைப்பையில் திருத்த வேண்டிய பேப்பர்க் கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து நின்று, "உமாபதி பேசுவாம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைத் தனியாக மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வழி நெடுக ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பொய். பெங்களூரில் சின்ன வீடு, மாடியில் ரோஜாத் தொட்டி, வேலைக்குப் போகிறாள், நேரம் இல்லாததால் கடைச் சாயம் போட்டு அனுப்பினாள், அதனால்தான் ஓடிவிட்டது. ரோஜாவுக்கு என்ன கலர் என்பது வரைக்கும் யோசித்திருந்தேன்.

"கரடி மேல சோடாவைக் கொட்டிட்டேன் டீச்சர், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தேன். "மத்தபடி நல்ல சேதிதான். அவங்க நல்லா..."

"உமாபதி" என்றார் டீச்சர். "விடையை முதல்ல எழுதிண்டு அப்புறமா ஸ்டெப் போடற பசங்களை முப்பது வருஷமாப் பார்க்கறேன்."

ரோஜாத் தொட்டியை அப்படியே கீழே வைத்தேன்.

"எங்காத்துக்குப் போனேளா?"

தலையை ஆட்டினேன்.

"அவர் சொன்னாரா?"

மறுபடி ஆட்டினேன்.

டீச்சர் அரக்குக் கரடியை எடுத்து, வெளுத்த மூக்கைப் புறங்கையால் தடவினார். விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பேப்பர்க் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பட்டுப் பாவாடையை எடுத்து மேஜையில் வைத்தார். அரக்கு. உள்மடிப்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி இல்லை. வெட்டின இடம் நூல் பிரியாமல் இருக்க, யாரோ பொடித் தையல் போட்டிருந்தார்கள். கணக்கு டீச்சரின் தையல். ஒவ்வொன்றும் ஒரே அளவு.

"அழுதாரா?" என்று கேட்டார்.

"அழுதார் டீச்சர்."

"பக்கத்துல இருந்தேளா?"

"இருந்தேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அக்கா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. அவள் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

காலையிலிருந்து எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வி கேட்டுவிட்டேன். ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இதையாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"எல்லாம் தெரிஞ்சுமா டீச்சர் எங்ககிட்ட வந்தீங்க? எதுக்கு?"

"தெரியும். அவர் தபாலுக்குப் போன அன்னிக்கே தெரியும்" என்றார் டீச்சர். "நவராத்திரியிலேர்ந்து தினமும் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுண்டு அழறார். எனக்குத் தெரியும்னு நான் சொல்லிட்டா, எனக்காக அவர் பண்ணிண்டிருக்கறது ஒண்ணும் இல்லாமப் போயிடும். யாராவது ஒருத்தர் அவர் பக்கத்துல உக்காந்து, அவ பேரைச் சொல்லிக் கேக்கணும்னு நெனைச்சேன். அதுக்குத்தான் வந்தேன்."